அடிபட்டது முதலில்

கறிக்கடைக்காரர் வீட்டுக் கொல்லையில் கோழி கத்தினால் யாரும் என்னவென்று எட்டிப் பார்க்க மாட்டார்கள். அங்கே கோழி கத்துவதுதான் பிழைப்பு. விடிந்ததும் லோடு லாரி வந்து நிற்கும், கூண்டு கூண்டாக இறங்கும், அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் பாதித் தெரு எழுந்து பல் துலக்கும். அதனால் அன்று காலை அவர் மூத்த மகள் பெரியவளின் கோழிக் கொட்டகைக்குள் நாய்கள் புகுந்து கோழிகள் தொண்டை கிழியக் கத்தியபோது எல்லார் காதிலும் விழுந்தது, ஒருவருக்கும் உறைக்கவில்லை. பெரியவளுக்கே உறைக்கவில்லை. அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே, இன்றைக்கு லோடு சீக்கிரம் வந்துவிட்டது போல என்றுதான் நினைத்தாள். கத்தல் நின்ற பிறகுதான் வாசலில் லாரியின் இரைச்சல் இல்லை என்பது புத்தியில் தட்டியது.

ஓடினாள். கொட்டகையின் கம்பி வலையைக் கீழ்ப்பக்கம் தோண்டி வளைத்திருந்தார்கள். நாய்களைத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த நாய்களை 'அதுகள்' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றையும் அவளுக்குத் தெரியும். தலைமை தாங்கி வந்தது கட்டைவால். அப்பாவின் செல்லம். கடைக்குப் பின்னால் இருக்கும் கழிவு வாளியில் தலையும் காலும் குடலும் போட்டுப் போட்டு அப்பாவே வளர்த்தது. அது வலையின் ஓட்டை வழியாக உடம்பைச் சுருக்கி வெளியே போகும்போது அவளைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டுப் போனது. வீட்டுப் பெண்ணாயிற்றே.

உள்ளே தரை தெரியவில்லை. பழுப்பு இறகு மெத்தை போல் கிடந்தது. செத்தவை செத்தபடி மூலைக்கு மூலை கிடந்தன. பிழைத்தவை, பறக்கவே தெரியாது என்று அவள் நினைத்திருந்த கோழிகள், உத்தரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து மூச்சுவிடாமல் இருந்தன. இரண்டுக்கும் நடுவே நான்கு கோழிகள். சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை.

அப்பா வந்தார். கத்தியோடுதான் வந்தார். அதில் கொலைவெறி எதுவும் கிடையாது. தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு திரிவது போல அவர் கையில் கத்தி இருக்கும், அவ்வளவுதான். கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். உச்சுக்கொட்டினார். பிறகு அடிபட்ட நான்கில் முதலாவதைத் தூக்கக் குனிந்தார்.

பெரியவள் குறுக்கே வந்து நின்றாள்.

"துடிக்க விடாத," என்றார் அப்பா. "ஒரு நிமிஷ வேலை."

"இது உங்க கடைக் கோழி இல்லப்பா."

"எந்தக் கோழியா இருந்தா என்ன. வலிக்கறது எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. லோடு இறங்கும்போது ஒவ்வொரு கூண்டிலும் ஏதாவது ஒன்று இறக்கை ஒடிந்தோ கால் பிசகியோ வரும். கடையில் முதல் வெட்டு அதற்குத்தான். அடிபட்டது முதலில். அதைத் தனியே எடுத்து முன்னால் வைக்க வேண்டும், அதற்கு முன் நல்ல கோழி மேல் கை வைக்கக் கூடாது. கடையில் வெட்டுக்கு உதவியாக இருக்கும் கத்தி மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, அப்பா முதன்முதலில் கற்றுக்கொடுத்ததே இதுதான். அப்பாவைப் பொறுத்தவரை இது இரக்கம். ஊரில் உள்ள மற்றக் கடைக்காரர்கள் அடிபட்டதைக் கூண்டிலேயே கிடந்து சாக விடுகிறார்கள், நான் விடுவதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

"வலிக்குதுன்னு வெட்டுறீங்களா, செத்துட்டா நஷ்டம்னு வெட்டுறீங்களா?" என்று கேட்டாள்.

அப்பா யோசித்தார். பொய் சொல்ல வராத மனுஷன். "ரெண்டும்தான்," என்றார்.

"நான் ரெண்டுக்கும் வெட்ட விடல. வெளிய போங்க."

அப்பா கத்தியை வேட்டி மடிப்பில் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். இவள் அந்தக் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள். வரலாறு படித்தாள். படித்து முடித்து ஊரிலுள்ள அலுவலகப் படிகளையெல்லாம் ஏறி இறங்கினாள். எங்கே போனாலும், அப்பா என்ன பண்ணுகிறார் என்று கேட்டார்கள், கறிக்கடை என்றாள், ஓ என்றார்கள். அந்த ஓவைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போய் ஒருநாள் வீட்டுக்கு வந்து, கொல்லையில் கூண்டு அடுக்கிவைக்கும் கொட்டகையை எனக்குக் கொடுங்கள், முட்டைக் கோழி வளர்க்கப் போகிறேன் என்றாள். அப்பா கொடுத்தார், ஒரு பேச்சோடு கொடுத்தார்: கோழி நிலைத்தால் கொட்டகை உனக்கு, நிலைக்கவில்லை என்றால் கூண்டுகள் திரும்ப உள்ளே வந்துவிடும், நீ வாயை மூடிக்கொண்டு கல்லாவில் உட்கார வேண்டும்.

கல்லாவில் உட்காருவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து பொழுது சாயும்வரை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனெல்லாம் "என்ன காலேஜு, கடைசியில இங்கதானா" என்று கேட்பதற்குச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். மாமா இப்போதே அவளைக் காலேஜு என்றுதான் கூப்பிடுகிறார்.

"கொட்டகைப் பேச்சு நினைவிருக்குல்ல," என்றார் அப்பா.

"இருக்கு. இன்னும் செத்து முடியல."

*

வரலாற்றில் கோழிக்குக் கட்டுப்போடக் கற்றுத்தரவில்லை. ஆனால் அவள் கறிக்கடைப் பெண். ஏழாவது படிக்கும்போதே விடுமுறை நாளில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இறகு பிடுங்கியவள். தோல் எங்கே இறுக்கமாக இருக்கும், எங்கே தொட்டால் சட்டைபோலக் கழன்று வரும் என்பது விரலுக்குத் தெரியும். இத்தனை நாள் பிரிக்கத் தெரிந்திருந்த விரல்கள். இப்போது ஒட்டவைக்க வேண்டும்.

நான்கையும் ஒரு பழைய அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, மேலே ஒரு போர்வையைப் போட்டு இருட்டாக்கித் தன் அறைக்குள் கொண்டுபோனாள். உத்தரத்தில் இருந்தவற்றோடு விட முடியாது. இரத்தத்தைக் கண்டால் கோழிக்குக் கோழி ஆகாது, கூடவே வளர்ந்ததே கொத்திக் கொன்றுவிடும். அலகின் ஓரத்தில் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டு சொட்டாகத் தடவினாள். கண் செருகிப் போய்க் கிடந்தவை அலகை மெல்ல அசைத்து விழுங்கின. பெயர் வைக்காத ஒன்று மட்டும் விழுங்கவில்லை. உச்சி வெயில் ஏறும்போது அது கால்களை நீட்டிவிட்டது.

மிச்சம் மூன்று. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு யாரையும் சட்டை செய்யாமல் நடக்கும் டீச்சர். எந்நேரமும் வியாக்கியானம் பண்ணிக்கொண்டிருக்கும் வாயாடி. முட்டை போட உட்கார்ந்தால் அங்கேயே தூங்கிவிடும் தூங்குமூஞ்சி.

உப்புப் போட்டு ஆறவைத்த வெந்நீரோடு உட்கார்ந்தாள். அம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அம்மா கடையில் சுத்தம் செய்கிற வேலையை விட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள், முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தாள். துண்டில் சுற்றி டீச்சரை மடியில் வைத்துக்கொண்டாள். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, இறகு கொஞ்சம் கலைந்திருந்தது, அவ்வளவுதான். பெரியவள் இறகை ஊதி ஊதி விலக்கினாள். முதுகுத் தோல் ஒரு கை அகலத்துக்குக் கிழிந்து மடங்கி, கடித உறையின் மூடியைப்போலத் திறந்து கிடந்தது. அடியில் சதை.

நாள் முழுக்கக் கோழியின் உள்ளே கைவிட்டுக் கழுவுகிற அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"செத்ததுல பாக்கறது வேற," என்றாள்.

பெரியவள் சுற்றியிருந்த இறகுகளைக் கத்தரித்தாள், பிடுங்கவில்லை. காயத்தைக் கழுவினாள், மண்ணும் உமியும் நாயின் எச்சிலும் போகிறவரை கழுவினாள். மடங்கிய தோலை ஈரத்தோடு நீவி இழுத்து அதன் இடத்தில் படுக்கவைத்தாள். டீச்சர் அலகைத் திறந்து திறந்து மூடியதே தவிரச் சத்தம் போடவில்லை. வாயாடிக்குக் கழுத்தில் பல் இறங்கியிருந்தது. ஓட்டை சிறியதுதான், ஆனால் அதன் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. தூங்குமூஞ்சிக்கு வாலே இல்லை, தொடையில் கடி.

மூன்றாவது தடவை வெந்நீர் கேட்டபோது அம்மா எழுந்துகொண்டே சொன்னாள்: "உன்னைப் பெத்துப் போட்டப்பகூட எனக்கு யாரும் இப்படி வெந்நீர் வெச்சுக் குடுக்கல."

*

கால்நடை மருத்துவமனையில் டாக்டர் மாட்டுக்குத்தான் எழுந்து நிற்பார். கம்பவுண்டர் ஆட்டுக்கும் நாய்க்கும் எழுந்திருப்பார். கோழிக்கு யாரும் எழுந்திருப்பதாக வழக்கம் இல்லை. பெரியவள் விஷயத்தைச் சொன்னதும் கம்பவுண்டர் அவளை உற்றுப் பார்த்தார், நீ இன்னார் மகள்தானே என்றார். ஆமாம் என்றாள். அவர் உள்ளே திரும்பி, "சார், கசாப்புக் கடையில இருந்து ஆம்புலன்ஸ் வந்திருக்கு," என்றார். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கட்டிப்போட்டிருந்த ஒரு கன்றுக்குட்டிதான் சிரிக்கவில்லை.

அவள் நகரவில்லை. சிரித்து முடிக்கட்டும் என்று மேஜை முன்னால் அப்படியே நின்றாள். ஒரு பெண் அழாமல், கெஞ்சாமல், கோபப்படவும் செய்யாமல் முன்னால் நின்றுகொண்டே இருந்தால் சிரிப்பு ரொம்ப நேரம் தாங்காது. கம்பவுண்டர் கடைசியில் அலமாரியைத் திறந்து ஊதா மருந்து ஒன்றும் ஈ அண்டாமல் இருக்கத் தடவும் மருந்து ஒன்றும் கொடுத்தார். ஊதா புண்ணை ஆற்றும், இரத்தச் சிவப்பையும் மறைக்கும் என்றார். காயத்தைவிட ஈதான் எமன், ஈ மொய்க்க விட்டால் புழு வைத்துவிடும், புழு வைத்தால் உங்கள் அப்பாவிடமே கொடுத்துவிடு என்று புத்தியும் சொன்னார்.

ஈ மருந்து ஒரு நாற்றம் நாறியது. தாரையும் பழைய எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சின மாதிரி. அன்றிலிருந்து வீடு முழுக்க அந்த நாற்றம்தான். சோற்றில் அடித்தது, தலையணையில் அடித்தது. கடையில் நாள் முழுக்க நின்று வருகிற மாமா வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, காலேஜு, கறிக்கடை எவ்வளவோ வாசனையா இருக்குது என்றார்.

தெருவுக்கு இது அல்வா கிடைத்த மாதிரி ஆயிற்று. முன்பக்கம் வெட்டுகிறார்கள், பின்பக்கம் கட்டுப்போடுகிறார்கள் என்று டீக்கடையில் ஒரே பேச்சு. கறி வாங்க வந்தவர்கள் பேஷண்ட் எப்படி இருக்கிறது என்று அப்பாவிடம் விசாரித்தார்கள். அப்பா அதற்குச் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. வீட்டுக்குள் வந்தால் பெரியவளின் அறை வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். இன்னும் இருக்குதா என்று கேட்பார். இருக்கிறது என்பாள். போய்விடுவார்.

கழிவு வாளியை மூடிவையுங்கள், பச்சைக் கறியின் ருசி காட்டியது நீங்கள்தான், இனியும் வாளி திறந்து கிடந்தால் உத்தரத்தில் ஏறிப் பிழைத்ததையும் அவை விடாது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். இதை நாய் வருவதற்கு முன்னாலும் சொல்லியிருக்கிறாள். அப்பா, வாயில்லாதது, அதுக்கு என்ன தெரியும் என்றார். மறுநாளும் கட்டைவால் வாளிக்குப் பக்கத்தில் முன்னங்காலை நீட்டிப் படுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஈ ஏமாற்றிவிட்டது. டீச்சரின் தோல் மடிப்புக்கு அடியில் ஒரு ஓரம் நெளிந்தது. அரிசிக்குருணை மாதிரி இருந்தது, ஆனால் அசைந்தது. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, புருவம் திருத்த வைத்திருந்த சிறிய சிமிட்டாவை எடுத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். உப்பு நீரைப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவினாள். அம்மா டீச்சரைப் பிடித்துக்கொண்டே, இதற்கு மேல் இதைப் பாடாய்ப் படுத்தாதே, விட்டுவிடு என்றாள். பெரியவள் சிமிட்டாவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நீ விடறதா இருந்தா விடு. நான் துண்டுல கட்டி வெச்சுத் தனியா பண்ணிக்கறேன்."

அம்மா விடவில்லை.

அட்டைப்பெட்டி ஊறிக் கிழிந்து போயிற்று. தினமும் கழுவித் துடைக்க வசதியாகவும் காற்றோட்டமாகவும் ஒன்று வேண்டும். வீட்டில் அப்படி ஒன்றே ஒன்றுதான் உண்டு, அதுவும் அடுக்கு அடுக்காக உண்டு. கடையின் பிளாஸ்டிக் கூண்டு. ஒன்றைத் தேய்த்துக் கழுவி, வைக்கோல் பரப்பி, கொசுவலையைச் சுற்றி மூன்றையும் அதில் வைத்தாள். அந்தக் குடும்பத்தில் பிறந்த யாருமே அதைத்தான் செய்திருப்பார்கள். கூண்டு என்றால் கூண்டு.

மெல்ல மெல்ல மூன்றும் தீனி எடுத்தன. முதலில் தூங்குமூஞ்சி எழுந்து நின்றது. நின்றபடியே தூங்கியது. டீச்சரின் தோல் ஓரத்திலிருந்து உட்பக்கமாகப் பிடித்துக்கொண்டு வந்தது, சுற்றிலும் இளஞ்சிவப்பாக ஒரு கரை. வாயாடி குரல் இல்லாமலேயே வாயைத் திறந்து மூடி வியாக்கியானத்தைத் தொடங்கிவிட்டது. பெரியவள் அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

*

ஊதா மருந்து தீர்ந்துபோன அன்று அவள் காலையிலேயே மருத்துவமனைக்குக் கிளம்பினாள். அம்மா அறையைக் கழுவிவிட நினைத்தாள். பெண் இல்லாத நேரத்தில் ஒரு நல்லது பண்ணுவோம், நாற்றமாவது போகட்டும் என்று கூண்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லைப்பக்கம் வெயில் படும் இடத்தில் வைத்தாள். தரை காய்ந்ததும் உள்ளே எடுத்துக்கொள்ளலாம். அழுக்கு வைக்கோலை உதறிக் கொட்டினாள், கொசுவலையையும் உருவி நனைத்துப்போட்டாள்.

அன்று தாமதமாக வந்த லோடு வெள்ளைக் கோழி இல்லை. பண்ணையில் முட்டை ஓய்ந்த பழுப்புக் கோழிகள். அவை எப்படி இருக்கும் என்றால், ஒன்றுக்கொன்று கொத்தி முதுகில் இறகு போய், வால் போய், பண்ணைக்காரன் அடித்த ஊதா மருந்து அங்கங்கே திட்டுத் திட்டாகக் காய்ந்துபோய் இருக்கும். லாரிக்காரன் கூண்டுகளைக் கொல்லையில் இறக்கி அடுக்கிவிட்டுப் போனான். கத்தி மாமா வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஓரத்தில் இருந்த ஒரு கூண்டில் மூன்றே மூன்று. மூன்றும் அடிபட்டது. யாரோ ஏற்கனவே பிரித்துவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். சட்டப்படி அதைத் தூக்கி முன்னால் அப்பாவின் கையெட்டும் இடத்தில் வைத்தார்.

கடை வாசலில் நாலைந்து பேர். அப்பா அவர்களோடு பேசிக்கொண்டே கூண்டுக்குள் கைவிட்டார். அவர் எந்தக் கோழியையும் பார்த்து எடுப்பதில்லை. பார்த்தால் இந்த வேலையைச் செய்ய முடியாது என்று அவரே எப்போதோ சொல்லியிருக்கிறார். கையில் வந்தது கத்தவில்லை. கத்தாத கோழி எது என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும்.

வெட்டி முடித்துக் கையைத் தூக்கியபோதுதான் நாற்றம் அவர் மூக்கில் ஏறியது. தாரும் பழைய எண்ணெயும். இத்தனை நாளாகச் சோற்றோடு சாப்பிட்ட நாற்றம். உள்ளங்கை முழுக்க ஊதா.

பெரியவள் மருந்துப் புட்டியோடு தெருவில் திரும்பும்போது தூரத்திலிருந்தே கடையில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஆட்கள் நிற்கிறார்கள், கத்தியின் சத்தம் இல்லை. கிட்டே வந்தாள். அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்தபடி நின்றார். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா உள்வாசலில் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். கூண்டில் டீச்சரும் தூங்குமூஞ்சியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கிடந்தன.

யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அவள் கூட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"பாக்கல," என்றார் அப்பா. "கை பாட்டுக்குப் போயிடுச்சு."

"நான்தான் வெயில்ல வெச்சேன்," என்றாள் அம்மா.

"ஏம்மா, ஒரு கோழிக்கா இவ்வளவும்?" என்றார் வாசலில் நின்றவர்களில் ஒருவர். நல்ல மனுஷன்தான். சமாதானம் சொல்லுவதாக நினைத்துக்கொண்டார்.

பெரியவள் அவர் பக்கம் திரும்பவில்லை. கூண்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்பாவின் முகத்துக்கு நேரே பார்த்துச் சொன்னாள்.

"நாயாவது பசிச்சுச் செஞ்சுது."

உரக்கச் சொல்லவில்லை. அதனால் எல்லாருக்கும் கேட்டது.

*

அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். அழுகை வந்தது, இப்போது நேரமில்லை என்று தள்ளிவைத்தாள். பயத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதில் டீச்சரின் புதுத்தோல் ஒரு பக்கம் விட்டுப் போய்த் திரும்ப இரத்தம் கசிந்தது. இன்றைக்கே கழுவி ஒட்டவைக்காவிட்டால் நாளைக்குப் புழு. அம்மாவைக் கூப்பிட மனம் வரவில்லை. துண்டில் கட்டி முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஒரு கையால் பார்த்தாள். டீச்சர் திமிறியது. துண்டு அவிழ்ந்தது. வெந்நீர்க் கிண்ணம் கவிழ்ந்தது. மறுபடி கட்டினாள், மறுபடி அவிழ்ந்தது.

கதவு திறந்தது. அப்பா. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கை சிவந்திருந்தது. சட்டை மாற்றியிருந்தார். ஊதா மட்டும் நகக்கண்ணில் போகாமல் இருந்தது.

"நான் பிடிக்கறேன்," என்றார்.

"வேண்டாம்."

"ரெண்டு கை வேணும் அதுக்கு."

"உங்க கை வேண்டாம்."

அப்பா போகவில்லை. மருத்துவமனை மேஜை முன்னால் இவள் நின்ற மாதிரியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரிடமிருந்து வந்தது இந்த நிற்கிற குணம் என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது, அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கொல்லைப்பக்கம் மண்வெட்டியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என்ன அது என்றாள் கடைசியில். கழிவுக்குக் குழி என்றார். வாளி இனிமேல் வெளியே இருக்காது, அன்றைய கழிவு அன்றைக்கே மண்ணுக்குள் போய்விடும். மாமாவை விட்டு வெட்டச் சொல்லியிருக்கிறேன், கட்டைவாலும் கூட்டாளிகளும் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கின்றன என்றார்.

டீச்சர் மறுபடி திமிறியது. முதுகிலிருந்து இரத்தம் அவள் மணிக்கட்டுக்கு வழிந்தது.

"உக்காருங்க," என்றாள்.

அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டீச்சரை வாங்கினார். வாங்கிய நொடியில் அவர் கை தன் வேலையைக் காட்டியது, இரண்டு இறக்கையையும் பின்னால் மடக்கி அடியில் பிடித்தது. டீச்சர் உடனே அசையாமல் போயிற்று. கழுத்து தொங்கியது, கண் விரிந்து நின்றது. கடையில் எல்லாக் கோழிகளும் அந்தப் பிடியில் அப்படித்தான் ஆகும்.

"அடங்கிடுச்சு பாரு," என்றார்.

"அடங்கல. செத்துப்போறதுக்குத் தயாராயிடுச்சு. விடுங்க அந்தப் பிடிய. அடியில கை குடுங்க. நெஞ்சைத் தாங்குங்க. காலு ரெண்டும் தொங்கக் கூடாது, உங்க மடியில ஊனணும்."

"இப்படிப் பிடிச்சா பறந்துடும்."

"பறக்கட்டும். பறக்கற அளவுக்குத் தெம்பிருந்தா எனக்கு நல்லதுதான்."

அப்பா பிடியை விட்டார். விட அவருக்கு நேரமாயிற்று. ஒவ்வொரு விரலாகச் சொல்லிச் சொல்லி எடுக்க வேண்டியிருந்தது. கையை வாய் அகன்ற பாத்திரம் மாதிரி குவித்து நெஞ்சுக்கடியில் கொடுத்தார். டீச்சர் அவர் மடியில் காலை ஊன்றியது. ஒரு தடவை இறக்கையை அடித்தது, அவர் முகத்தில் பட்டது. அவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அதன் மூச்சு இறங்கியது.

"நெஞ்சு இவ்வளவு வேகமா அடிக்குது," என்றார். எத்தனையோ வருஷமாகக் கோழி பிடிக்கிறவர், இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டவர் மாதிரி சொன்னார்.

பெரியவள் கழுவத் தொடங்கினாள். விட்டுப்போன ஓரத்தை உப்பு நீரில் நனைத்து, காய்ந்த இரத்தத்தை ஊறவைத்துத் துடைத்து, தோலை நீவினாள். கொட்டகை பற்றி அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், இரண்டு நின்றாலும் நிலைத்த மாதிரிதான், உத்தரத்தில் ஏறினது வேறு இருக்கிறது என்று இழுத்தார். அவள் குறுக்கே வெட்டினாள். அதைக் கொட்டகையில் நின்று பேசிக்கொள்ளலாம், இப்போது கையை ஆட்டாதீர்கள் என்றாள். சரி என்றார். வாயாடியைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. அந்த இடம் அப்படியே இருந்தது, நிறையவில்லை. அவள் மன்னிக்கவும் இல்லை. அதற்கு வேறு நாள் வரலாம், வராமலும் போகலாம். இப்போது டீச்சரின் முதுகு இருக்கிறது.

மாமா குழி வெட்டி முடித்துக் கடைக்குப் போயிருப்பார் போல. முன்பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

"மச்சான், ஆள் வந்திருக்கு."

"இருக்கச் சொல்லு," என்றார் அப்பா.

கொஞ்ச நேரம் போயிற்று. பெரியவள் ஊதா மருந்தைப் பஞ்சில் தொட்டு ஓரம் ஓரமாக ஒற்றினாள். டீச்சர் முனகியது. அப்பா தன்னையறியாமல் நாக்கால் ஒரு சத்தம் போட்டார், குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற சத்தம்.

"மச்சான், மொத்தமா எடுக்கறவங்க. நேரமாச்சு, போயிடுவாங்களாம்."

"போகட்டும்," என்றார் அப்பா, தலையைத் தூக்காமல். பிறகு கோழியின் மேல் இன்னும் குனிந்து, இறகை வாயால் மெல்ல ஊதி விலக்கினார்.

"இங்க, இறக்கைக்கு அடியில இன்னொரு கடி இருக்கு," என்றார். "நீ இதைப் பாக்கல."